என் ஆட்டோ நடந்த நடை

மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று என் மனைவி ஜெசிந்தா சொன்ன அன்று, சாந்தோம் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்பா ஆகிவிட்டேனாம். ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்த மேதை நான். ஸ்கேனில் குழந்தை இல்லை. பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் நிலை மாறி, கருமுட்டை ஒழுங்காக வெளிவராத கோளாறு) என்றார்கள். அவள் தாடையில் முடி முளைத்ததும் எடை ஏறியதும் அதனால்தான்.

டாக்டரம்மா மெட்ஃபார்மின் (இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். "ஜிம்முக்கெல்லாம் போக வேணாம்மா. காய் வாங்க, சர்ச்சுக்குப் போக, எல்லாத்துக்கும் நடங்க. எத்தனை அடின்னு போன்ல பாத்து எழுதிட்டு வாங்க."

நடந்தாள். மூன்றாம் நாள், பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டைத் தாண்டிப் போனாள். கூட ஆட்டோ ஓட்டும் குமார் கத்தினான்: "இன்னா மச்சி, தங்கச்சி நட்ந்து போய்க்கினு கீது? வண்டி படுத்துக்கிச்சா, நீ படுத்துக்கினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆட்டோக்காரன் மனைவி நடந்து போவதா? எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்று இரவே அவளிடம் சொன்னேன்:

"நீ ஊட்லயே இரு. போனை எங்கிட்ட குடு."

"உங்கிட்ட குட்த்தா நான் எப்டி நடந்ததாவும்?"

"வண்டி குலுங்குற குலுக்குல அதுவே எண்ணிக்கும்."

எண்ணியது. சட்டைப்பையில் போன், அடையாறு, தி.நகர் என்று எல்லாப் பள்ளத்திலும் இறக்கி ஏற்றினேன். மாலைக்குள் ஏழாயிரம் அடி. உட்கார்ந்தபடியே நடந்த முதல் ஆள் நான்தான் என்று பீற்றிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. எண்ணை மட்டும் நோட்டில் எழுதினாள்.

அடுத்த முறை டாக்டரம்மா நோட்டைப் பார்த்துப் பாராட்டினார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவ்ளோ நடந்தும் சர்க்கரை ஏறியிருக்கே!" மாத்திரையைக் கூட்டினார். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கர்ப்பப்பைப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி பார்த்தேன்.

புது அளவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் கை கழுவும் தொட்டியைப் பிடித்தபடி நின்றவள் சொன்னாள்: "உன் வண்டி நட்ந்ததுக்கு நான் மாத்திர முழுங்கறேன்."



அன்றே கூட்டிக்கொண்டு போனேன். "டாக்டரம்மா, இவ நடக்கல. என் ஆட்டோதான் நட்ந்துச்சு." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்கிட்ட எதுக்கு தலை குனியறீங்க? மாத்திரையை முழுங்கினது அவங்க." பழைய அளவையே மறுபடி எழுதினார்.

எட்டு மாதமாக அவளே நடக்கிறாள். மாதவிலக்கு வருகிறது, நாள் தப்பினாலும் வருகிறது. உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், அவளைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டு உட்கார வைத்துவிடாதீர்கள்.

காலையில் நானும் கூடவே மயிலாப்பூர் லஸ் வரை நடக்கிறேன். வண்டியில் ஐந்து நிமிடம். காலுக்கு அரை மணி நேரம். கெண்டைக்கால் என்று ஒன்று எனக்கு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். அவள் நிற்பதில்லை. கொஞ்சம் நில்லு என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.