புத்தம் புதுப் பல்செட்

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு அறிவுத் தேர்வுக் கேள்விகள் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். 'நாலில் எது சேராதது?', 'அடுத்து வரும் எண் எது?' என்று கேட்டே இருபத்திரண்டு வருடமாக யார் புத்திசாலி, யார் மக்கு என்று தரம் பிரித்து வந்தார். அலுவலகத்தில் அவருக்கு மேதாவி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அது கேலி என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆறு வருடம் பிடித்தது.

குழாய் ரிப்பேர் வேலை பார்க்கும் தம்பியிடம் ஒருமுறை தன் கேள்வித்தாளை நீட்டினார். நூற்றுக்கு முப்பத்தொன்று. அதை வீட்டில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே வாசித்தார். இப்போது நினைத்தால் தன் காதைத் தானே திருகிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாக ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டார். "நாளைக் காலைக்குள்ள சாப்பிடலன்னா மூக்குல டியூப் போட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ, டியூப் போட்டிருந்த பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கினார்.

மேதாவி சும்மா இருப்பாரா? கேள்வித்தாள் தயாரித்தார். ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு. சூடு அதிகமா, உப்பு குறைவா, யார் மேலாவது கோபமா என்று மொத்தம் நாற்பத்தாறு கேள்விகள். பன்னிரண்டாவதில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். 'விடையளிக்கவில்லை' என்று இவர் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் தம்பி வேலை உடுப்போடு அப்படியே வந்தான். அப்பாவின் தாடையைத் தடவி, வாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

"இந்தப் பல்செட்ட யாருண்ணா போட்டது?"

"நான்தான். வீட்ல ரெண்டு செட் இருந்துச்சு. ஒண்ணு தேஞ்சு மஞ்சளா கெடந்துச்சு, பழசு. இது புத்தம் புதுசா இருந்துச்சு."

"இதுதாண்ணா பழசு. ஈறக் குத்துதுன்னு அப்பவே ஒரு வாரத்துல கழட்டி வெச்சுட்டாரு. போடாத பொருள் எப்படித் தேயும்?"

கழற்றினான். ஈறு புண்ணாகிச் சிவந்திருந்தது. மேதாவி கையிலிருந்த தாளைப் பார்த்தார். நாற்பத்தாறு கேள்விகளில் 'வலிக்கிறதா?' என்ற கேள்வி இல்லை.

வெறும் ஈறோடு அப்பா ஒரு கிண்ணம் சூப் குடித்தார். போதாதென்று இடது கையை நீட்டி இன்னும் கேட்டார். மேதாவிக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

காலையில் டாக்டர் வந்தார். டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியும் கையில் ஃபைலுமாக நின்ற மூத்தவர் பக்கம் திரும்பினார். "வீட்ல அப்பாவ எப்படிப் பாத்துக்கணும்னு சொல்றேன், கவனமா கேட்டுக்குங்க."

தம்பி வழக்கம்போலக் கதவோரம் ஒதுங்கினான். மேதாவி அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இவன்கிட்ட சொல்லுங்க டாக்டர். எனக்குப் புரியற மாதிரி இவன் சொல்லித் தருவான்."