முட்டுக்கட்டையை எடுத்தவன்

கொல்லம் ஆண்டு 1108, மாசி மாதம், சிவராத்திரி நாள். இடம்: தக்கலைக்கு வடக்கே, சாலைப் பணிக்குக் கல் உடைக்கும் பாறை. பாறையின் மேல்தளத்திலிருந்து கீழே சாலையோரக் கற்குவியல் வரை சரிவாக ஓர் இருப்புப்பாதை. அதில் கல் சுமந்த இரும்பு வண்டிகள் கீழிறங்கும்; வெற்று வண்டிகளை ஆட்கள் மேலே தள்ளி ஏற்றுவர். நண்பகலில் வேலை நின்றது. பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடித் தொழும் சிவாலய ஓட்டக்காரர்கள் விசிறியோடு ஓடிப்போவதைப் பார்க்கத் தொழிலாளர் சாலைக்கு இறங்கினர். காவலாளும் இறங்கினான். மேலே ஒரு வெற்று வண்டி, தேய்ந்த பிரேக்கை நம்ப முடியாமல், சக்கரத்துக்கு முன்னே வைத்த பனைமர முட்டுக்கட்டையின் பலத்தில் நின்றது. செல்லரிக்காமலிருக்க முட்டுக்கட்டைக்கு அன்று காலையில் கீல், அதாவது தார், பூசியிருந்தனர்; கீல் காயவில்லை. சற்று நேரத்தில் வண்டி சரிவில் இறங்கி, வளைவில் கவிழ்ந்தது. வண்டியிலிருந்த இரு சிறுவர் அங்கேயே இறந்தனர். ஒருவன் வயது பதினான்கு, வக்கீலின் மகன். மற்றவன் வயது பதின்மூன்று, அந்தப் பாறையில் கல் உடைப்பவரின் மகன்.

வக்கீல் நான்.

மேலே உள்ளவை பிரேத விசாரணை மகசரிலிருந்து சுருக்கியவை. மூலம் சமஸ்தான அலுவல் மொழியான மலையாளத்தில் இருக்கிறது. அதில் இன்னொரு வாக்கியமும் உண்டு: ‘கல் உடைப்பவரின் மகன் அத்துமீறி நுழைந்து, முட்டுக்கட்டையை அகற்றி, வக்கீலின் மகனையும் தன்னோடு ஏற்றிச் சென்றதாகத் தெரியவருகிறது.’ யாருக்குத் தெரியவந்தது, எவர் சொல்லித் தெரியவந்தது என்று மகசர் சொல்லவில்லை. என்னிடம் கட்சிக்காரனாக வரும் எவனுடைய வழக்கிலாவது இப்படி ஒரு வாக்கியம் இருந்திருந்தால், குறுக்கு விசாரணையில் அதை இருந்த இடம் தெரியாமல் செய்திருப்பேன்.

எங்கள் பகுதியில் இழவு விசாரிக்க வருவதைத் துட்டி கேட்பது என்பார்கள். துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்களைப் பொறுத்துக்கொள்வதுபோல் கடினமான வேலை என் வாழ்நாளில் வேறு வாய்த்ததில்லை. உட்காருவார்கள், துண்டால் முகம் துடைப்பார்கள், ஏதோ சொல்ல வேண்டுமே என்பதற்காக ஒரே காரியத்தைச் சொல்வார்கள். எங்கள் சபையின் உபதேசியார் அதைத் தொடங்கிவைத்தார்.

“ஒங்க பிள்ளைக்கு அந்தப் பாறைக்கு வழியே தெரியாதே வக்கீலய்யா. அந்தச் செறுக்கன்லா கூட்டிட்டுப் போனான்.”

“ஆரு கூட்டிட்டுப் போனான்னு நீரு கண்டீரா?” என்று கேட்டேன்.

“காணணுமா அய்யா? ரெண்டு பிள்ளேளயும் பாத்தாத் தெரியாதா?”

பார்த்தால் தெரிந்தது இதுதான்: என் மகனுக்குச் சட்டை இருந்தது, செருப்பு இருந்தது. மற்றவனுக்குச் சட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். நாங்கள் வேதக்கோயிலில் பெஞ்சில் உட்காருகிறவர்கள்; கல் உடைப்பவர் குடும்பம் பாயில் உட்காருகிறவர்கள். சாட்சியம் அவ்வளவோடு முடிந்தது. அடுத்தடுத்து வந்தவர்கள் அதற்கு விளக்கவுரை எழுதினார்கள். ஒருவர் அந்தச் சிறுவனுக்குக் கெட்ட சேர்க்கை என்றார். மற்றொருவர் அவன் முன்பே ஒருமுறை எவருடைய மாங்காயையோ பறித்துக்கொண்டு ஓடியவன் என்று நினைவுகூர்ந்தார். இரண்டு நாட்களுக்குள் இறந்துபோன பிள்ளை ஒரு முழுமையான குற்றவாளியாக வளர்ந்துவிட்டான். என் மனைவி அதைப் பற்றிக்கொண்டாள். “நம்ம பிள்ளை தானாகப் போயிருக்கமாட்டான்” என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பாள். அதைச் சொல்லாவிட்டால் சாப்பிடமாட்டாள் என்பதைக் கண்டுகொண்டேன். ஆகவே மறுக்கவில்லை.

பாறையின் குத்தகைக்காரர் காரில் வந்தார். ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். இழவு வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தாழ்ந்த குரலில், “ஒங்க மகன் பேருக்கு அத்துமீறல்ங்கிற வார்த்தை வராதபடி ஏட்டுகிட்ட சொல்லியிருக்கேன் சார்,” என்றார். நான் நன்றி சொன்னேன். தேய்ந்த பிரேக்கை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வெற்று வண்டியைச் சங்கிலியால் கட்டாமல் காவலாள் எப்படி இறங்கிப்போனான் என்று கேட்டிருக்க வேண்டும். நன்றி சொன்னேன்.

அந்தப் பாறைக்குள் நுழைய உரிமை உள்ள சிறுவன் அன்று ஒருவனே இருந்தான். அவன் கல் உடைப்பவரின் மகன். நாள்தோறும் நண்பகலில் தகப்பனுக்குக் கஞ்சிக் கலயம் கொண்டுபோவான். காவலாள் அவனை விட்டுவிடுவது ஏற்பாடு. பிள்ளைகள் விழுந்த சத்தம் கேட்டபோது கல் உடைப்பவர் அந்தக் கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். உரிமையில்லாமல் உள்ளே போனவன் என் மகன். எப்படிப் போனான் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. காவலாள் சொன்னான்: “முந்தின வாரம் தடுத்தேன் அய்யா. ‘நான் வக்கீலுக்க மவன்’னு சொன்னான். பின்ன நான் என்ன செய்ய?” அந்த வாசகம் என்னுடையது. மரம் வெட்டும் கூப்பின் வாசலில் அவனை ஒருவன் தடுத்ததாக வந்து சொன்னபோது, இன்னாருடைய மகன் என்று சொல், எவனும் தடுக்கமாட்டான் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

இவற்றையெல்லாம் விட எளிய ஒரு காரியம் உண்டு. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. மகசர் தயாரித்த ஏட்டு, காயங்களை வரிசைப்படி எழுதினார். பிள்ளைகளின் விரல்கள் மடங்கியிருந்தன; அவர் விரித்துப் பார்க்கவில்லை. அன்று மாலை வீட்டில் என் மகனைக் குளிப்பாட்டும்போது மைத்துனர் தண்ணீர் ஊற்றினார், நான் தேய்த்தேன். விரல்களை விரித்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கீல். மைத்துனர் அப்போது குடத்தை நிரப்பத் திரும்பியிருந்தார். நான் விளக்கெண்ணெய் எடுத்துத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெகுநேரம் தேய்த்தேன். தோல் வெளுத்துவரும் வரை தேய்த்தேன். இருபது ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றவன், தடயத்தை அழிப்பது எந்தப் பிரிவின்கீழ் வருகிறது என்று அறியாதவனல்ல. அந்த நேரத்தில் அது எனக்குப் பிள்ளையின் கை அழுக்காக இருப்பதாக மட்டுமே தோன்றியது. இந்த விளக்கத்தைக் கட்சிக்காரன் ஒருவன் சொல்லியிருந்தால் நான் ஏற்றிருக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் இருவரையும் ஒரே ஆராதனையில் அடக்கம் செய்தோம். ஏட்டு மகசரின் சுத்தப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். ஓரிடத்தில் தேதியைத் தவறாக எழுதியிருந்தார். அதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னேன். முட்டுக்கட்டையைப் பற்றிய அந்த வாக்கியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன்கீழ் கல் உடைப்பவரின் பெருவிரல் ரேகையும் வாங்கியிருந்தார்கள். மலையாளம் அவருக்குப் படிக்கத் தெரியாது. எவரும் படித்துக் காட்டவுமில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். பெஞ்சின் ஓரத்தில், எழுந்துபோக வசதியாக உட்கார்ந்தார்.

“அய்யா, ஒரு மனு எழுதணும்.”

“யாருக்கு எதிராக?”

“ஆருக்கும் எதிரா இல்லே. அந்தக் கடுதாசில எனக்க மவன்தான் கட்டைய எடுத்தான்னு கெடக்காம். கோயில்ல பிள்ளேளு எனக்க எளையவளப் பாத்து, ஒனக்க அண்ணன் ஆளக் கொன்னவன்னு சொல்லுகு. அவ இப்பம் கோயிலுக்கு வரமாட்டேங்கா. அத மட்டும் வெட்டித் தந்தாப் போரும்.”

மகசரில் ஒரு வரியை நினைத்தபடி வெட்ட முடியாது என்றும், மேலதிகாரிக்கு மனு கொடுத்தால் மறு விசாரணை வரும் என்றும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்றும் நிதானமாக விளக்கினேன். ஆதாரம் என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொன்னேன்.

அவர் தம் கைகளை மடியில் விரித்து வைத்தார். “நான்தான் அவனக் குளுப்பாட்டினேன். கஞ்சிக் கலயம் தூக்கின கையி. வெளுவெளான்னு இருந்துது அய்யா.” பிறகு, குரலை உயர்த்தாமல், “அடக்கத்துல நீங்க மண்ணு போடும்ப ஒங்க நகத்துக்குள்ள கீலு இருந்துது. நான் ஆருக்கிட்டயும் சொல்லல்லே,” என்றார்.

நான் பேனாவை மூடி வைத்தேன். அவரை ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

அந்த வாரத்தில் மனுவை எழுதினேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமான மனு வேறு எழுதியதில்லை. காயாத கீல் பற்றிய மகசர்க் குறிப்பு, என் மகனின் கைகள், நான் கழுவியது, காவலாளின் வாக்குமூலம், தேய்ந்த பிரேக், கஞ்சி கொண்டுபோகும் ஏற்பாடு, எல்லாம் இலக்கமிட்டு அமைந்திருந்தன. அதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். முடிவு வரை அசையாமல் கேட்டார்.

“இதுல ஒங்க மவனக் குத்தம் சொல்லுகுல்லா?”

“நடந்ததைச் சொல்கிறது.”

“நான் அதக் கேக்கல்லேய்யா. எனக்க மவனுக்க பேர எடுக்கத்தான் கேட்டேன். அதுக்கு ஒங்க மவனுக்க பேர அங்க வைக்கணுமா? ஒங்க வீட்டம்மா செத்துப் போவாவ.”

“யாராவது எடுத்தால்தானே கட்டை நகரும்?”

“ஆரும் எடுக்கல்லே, கீலு வழுக்கி அதுவே நழுவிச்சின்னு எழுதப்படாதா?”

“அது பொய்.”

அவர் முகத்தில் சிரிப்பு போன்ற ஒன்று வந்தது. “வக்கீலுமாரு கள்ளம் எழுதமாட்டிய இல்லியா? இத இப்பத்தான் கேக்குதேன்.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. சத்தியத்துக்கும் மனுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஏதோ சொன்னேன். எண்ணெயும் சாம்பலும் போட்டு உண்மையைக் கழுவியவன், அதை மையால் மறுபடி நிலைநாட்டுவதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன். எவர் கட்டையை எடுத்தார் என்பது தெரியவில்லை என்றாவது எழுதலாம் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியுமே என்றேன். அவர் எழுந்தார். மனுவில் ரேகை வைக்க மறுத்தார். அவர் மறுத்ததால் மனுவைத் தாக்கல் செய்ய இயலவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயரில் ஒரு சத்தியக் கடிதம் தாக்கல் செய்ய எவர் ரேகையும் தேவையில்லை. சட்டம் படிக்கத் தொடங்கி முதல் ஆண்டில் இருக்கும் பையனுக்கும் அது தெரியும்.

அந்தப் பங்குனியிலேயே குடும்பத்தோடு அவர் மலைக்குப் போய்விட்டார், ஏதோ தோட்டத்துக்குப் பாதை வெட்ட. குத்தகைக்காரர் பாறை வாசலில் ஒரு பலகை வைக்கத் தீர்மானித்து, வாசகத்தைத் திருத்தித் தரும்படி ஆள் அனுப்பினார். ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.’ எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, திருத்திக் கொடுத்தேன். பலகை இப்போதும் இருக்கிறது. சென்ற மாதம் அந்த வழியே போனேன். மேலே ஒரு வெற்று வண்டி நின்றது. சங்கிலி இல்லை. சக்கரத்துக்கு முன்னே ஒரு கட்டை. கீழே வேலியில்லாத இடத்தில் இரண்டு பிள்ளைகள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போங்கள் என்றேன். “நீங்க ஆரு?” என்று கேட்டான் ஒருவன். வக்கீல் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்தேன்.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கைவைக்கிறாள். துட்டிக்கு வந்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் சொன்னது மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? அவர்கள் அறியாமல் சொன்னார்கள்.

செய்யாமல் கிடப்பவை:

பாறை வண்டிக்குச் சங்கிலியும் சரிவுக்கு வேலியும் கேட்டு, சாலைப் பணிப் பொறியாளருக்குக் கடிதம். முதலில் இதுதான்.

என் பெயரில் சத்தியக் கடிதம். பழைய மனு மேசை இழுப்பறையில் இருக்கிறது; இலக்கம் மாற்றினால் போதும்.

மலையில் அவர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்று விசாரிப்பது. அவருடைய இளைய மகளுக்கு, அவள் அண்ணனின் கைகள் சுத்தமாக இருந்தன என்று என் வாயால் சொல்வது.

இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டுவது.