சாயக்கடைக் காலண்டரில் வந்த ஊர்

யுத்தம் தொடங்கின வருஷம் ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுச் சுவரில் ஜெர்மன்காரர்களின் துறைமுக ஊர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. டான்சிக் என்று பெயர். என் வீட்டுக்காரர் நூலுக்குச் சாயம் போடுகிறவர். முந்தின தீபாவளிக்குச் சேலத்துச் சாயக்கடையில் கொடுத்த காலண்டர் அது. தாளுக்கொரு படம், அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி. மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவள் என்பதால், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அந்த ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை என்னுடையது. எனக்கும் அதில் பெருமை தாங்காது.

கடைசித் தாளில் ஒரு நீரூற்று. நடுவே தாடியும் திறந்த மார்புமாக, கையில் சூலம் பிடித்த ஆள். என் மாமியார் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனியப்பஞ் சாமி! கடல் தாண்டியும் இருக்கறாரு பாரு." அந்தத் தாளை மட்டும் கிழித்துச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். தண்ணீர் பீய்ச்சுகிற சிலை அது என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? அதற்குமுன் எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அந்தப் படத்துக்கு நேர்ந்துகொண்ட பிறகுதான் மூன்றாவது தங்கியது. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

யுத்தத்தால் வரத்து நின்றுபோன ஜெர்மன் சாயத்தை யார் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு காலையில் போலீஸ் வந்தது. டப்பாக்களைத் தட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குச் சுவரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது எந்த ஊர்த் துறைமுகம்?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்தான். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாத காலம் அது. நான் முன்னால் வந்தேன்.

"நான் சொல்றேனுங்க. டான்சிக்னு ஒரு ஊருங்க. வெளியூர்க்காரங்க போய்ப் பாக்கற எடமுங்க இதெல்லாம்."

தாளைப் புரட்டி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். ஆற்றங்கரையில் கூரை போட்டு மூடிய தேர் மாதிரி கறுப்பாக நிற்பது, கப்பலுக்குச் சரக்குத் தூக்கும் மரக்கட்டடம். செங்கல்லில் ஓங்கி நிற்பது மாதா கோயில், மேலே ஏறினால் கடல் தெரியுமாம். ஒட்டி ஒட்டி நிற்கும் ஒடிசலான வீடுகள் பழைய வியாபாரிகளுடையவை. கப்பல் என்றும் கடல் என்றும் நான் சொல்லச் சொல்ல அவர் கண் இடுங்கியது. புருஷனுக்கு நானே குழி தோண்டுகிறேன் என்று புரிந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

"அப்ப அது?" லத்தி குங்குமப் படத்தைக் காட்டியது.

"முனியப்பனுங்க" என்றார் மாமியார்.

"எதிரி ஊர்ச் சிலைக்கு எலுமிச்சம்பழமா? எல்லாத்தையும் என் கண் முன்னால கொளுத்து. இல்லைன்னா இவன் ஸ்டேஷனுக்கு வரணும்."

வீட்டுக்காரர் என் வயிற்றையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா? சட்டத்திலிருந்து படத்தை உருவினேன். மற்ற தாள்களோடு வாசலில் போட்டு, அடுப்புக் கொள்ளியை நானே வைத்தேன். மரக்கட்டடம், மாதா கோயில், வீடுகள் எல்லாம் சுருண்டன. சூலம் கடைசியில் எரிந்தது. அப்போது பார்த்து வயிற்றில் பிள்ளை புரண்டது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

போலீஸ் போய்விட்டது. மாமியார் மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று நின்றேன். அவர் குனிந்து, சூடு ஆறாத சாம்பலை அள்ளினார். திருநீறு மாதிரி என் நெற்றியில் இட்டார். பிறகு முந்தானையை விலக்கி வயிற்றில் பூசினார்.

"இனி அவரு உன்ற கூடவே இருப்பாரு கண்ணு. பயப்படாத."

தண்ணீர் பீய்ச்சுகிற சிலை என்று எனக்குத் தெரியாதா என்ன?

"இன்னுங் கொஞ்சம் பூசுங்க அத்தை" என்றேன்.