சொதி வண்டியின் கியர்

கிளட்ச் இல்லாத வண்டியில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்த அன்று என் இடது கால் என்னைக் கேட்காமலே தரையை அழுத்தியது. அங்கே அழுத்துவதற்கு ஒன்றும் கிடையாது, வெறும் ரப்பர் விரிப்புதான். பத்தொன்பது வருஷம் லாரியும் பஸ்ஸும் ஓட்டிய கால் அது. கடையம் பக்கத்தில் ஒரு லாரியின் பின்கதவுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி, முழங்கால் சில்லு நொறுங்கி, அப்புறம் மடங்காமலே போய்விட்டது. மடங்காத காலை வைத்துக்கொண்டு எந்த முதலாளியிடம் போய் வேலை கேட்பது? இரண்டு வருஷம் அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டில் இழுக்க வேண்டிய இடத்தில் மூன்றில் போட்டு என்ஜினைக் கொல்லுகிறானே பாவி என்று கத்துவேன். அக்கா அடுப்படியில் இருந்தபடியே கேட்பாள், இது எத்தனாவது கியர்லே என்று. நான் சத்தத்தை வைத்தே சொல்வேன். சொன்னால் சரியாக இருக்குமா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பாள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், கல்யாணச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்போம். சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் வைக்கும் சொதிக்கென்றே கூட்டம் வரும். தேங்காய்ப் பாலைத் தலைப்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்து, காயை மூன்றாம் பாலில் வேகவைத்து, தலைப்பாலைக் கடைசியில் விட்டு இறக்க வேண்டும். அதில் அவர் யாரையும் கிட்டே விடமாட்டார். ஒரே முகூர்த்தத்தில் மூன்று வீடு வந்தால் மூன்று இடத்திலும் அவர் நிற்க முடியுமா? அதனால் தன் கொட்டகையிலேயே சமைத்து அண்டா அண்டாவாக அனுப்ப ஆரம்பித்தார். அதற்கு ஒரு வண்டி தேவைப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை நடுவதற்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் வேலை முடிந்து கிளம்பும்போது கழித்துப் போட்ட டீசல் பிக்கப் அது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக விழும் என்று யாரோ சொன்னதும் அத்தான் வேறு எதையும் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "மாப்பிளே, இதுக்கு ஒரு கால் போதுமாம்" என்றார். அதன் கதவைத் தடவிக்கொண்டே, இதெல்லாம் ஒரு வண்டியா என்று ஏசினேன். லைசென்ஸ் விஷயத்தை இங்கே எழுதாமல் இருப்பதே எனக்கு நல்லது.

ஓட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. கியர்க் கம்பியை 'டி' என்ற எழுத்தில் வைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும், ஒன்றிலிருந்து நாலு வரை அதுவே போகிறது. எப்போது போகிறது, எதற்காகப் போகிறது என்று ஒன்றும் விளங்கவில்லை. நான் இரண்டு என்று நினைத்தால் அது மூன்றில் நின்றது. மூன்று என்று நினைத்தால் திடீரென்று இரண்டுக்கு இறங்கி முதுகில் ஒரு இடி இடித்தது. வண்டியை நான் ஓட்டுகிறேனா, அது என்னை ஓட்டுகிறதா என்று எனக்கே சந்தேகம்.

முதல் சவாரி ஆழ்வார்குறிச்சிக்கு. மூன்று அண்டா சொதி, வாயில் வாழையிலை மூடி வேட்டியால் கட்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பின்கதவிலிருந்து வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டு வாசலில் நாய்கள் வண்டிக்கு அடியில் நக்கிக்கொண்டு நின்றன. கூடவே வந்த அத்தான் இறங்கி, ஒழுகியதை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சத்தம் கூட்டாமல் கேட்டார்.

"ரோட்டுல குழி இல்ல, நீ பிரேக்கும் போடல. பெறவு எதுக்கு மாப்பிளே தூக்கிப் போடுது?"

எனக்கு என்ன தெரியும்?

மறுநாளே மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். மார்க்கெட் பக்கத்தில் லாரி வேலை பார்க்கிறவன், என்னைவிடச் சின்னவன், எந்தக் கியர்பெட்டியையும் பிரித்துக் கோத்துவிடுவான். அவனே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து அரைநாள் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் எண்ணெய். ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ஒரு மெல்லிய கேபிள் கியர்பெட்டிக்குள் போகிறது என்றான். நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்வது அதுதானாம். அதைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைத் திருப்பி இறுக்கினால் உள்ளே எண்ணெயின் அழுத்தம் கூடி கியர் பட்டென்று விழும், தளர்த்தினால் பைய விழும். நட்டு இருந்த இடத்தில் கம்பெனிக்காரன் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தான். அது நல்ல அடையாளம், அழிந்துவிடக் கூடாது என்று மெக்கானிக் சொன்னான். அதன் பிறகு நாங்கள் செய்த கூத்தில் அந்தப் பொட்டு பிழைத்ததே பெரிய காரியம்.

முதலில் தளர்த்தினான். இடி குறைந்தது. ஆனால் கியர் விழுவதே தெரியாமல் போய்விட்டது. என்ஜின் கூவுகிறது, வண்டி நகர யோசிக்கிறது, நடுவில் என்ன நடக்கிறது என்று பிடி கிடைக்கவில்லை. கண்ணைக் கட்டி விட்டது போல ஓட்டினேன். ஒரு வாரத்தில் கியர் எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினால், சிவப்பாக இருந்த எண்ணெய் பழுப்பாகியிருந்தது. அத்தான் குச்சியை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார்.

"இது அடிப்பிடிச்ச வாசனைல்லா" என்றார்.

சமையல்காரர் மூக்கு தப்பாது. கியர் வழுக்கி வழுக்கி உள்ளே தீய்கிறது என்று மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டு, எண்ணெயை மாற்றி, பழையபடி கொஞ்சம் இறுக்கினான். இறுக்கினால் இடித்தது. பாதி தளர்த்தினான், பாதிக்குப் பாதி இறுக்கினான். ஒரு அண்டாவில் தண்ணீரை நிரப்பிப் பின்னால் வைத்து, அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார, நான் ஓட்டுவேன். நனைந்துபோய் இறங்குவான். அப்புறம் அவன் ஓட்ட, நான் பின்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். நானும் நனைவேன். பக்கத்து ஷெட்டிலிருந்த பழைய டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னோம். அவரும் சிந்தினார். மூன்று பேர் ஓட்டியும் சிந்தினால் கோளாறு வண்டியில்தானே? அப்படித்தான் முடிவு கட்டினோம். மூன்று பேரும் கெட்டிக்கார டிரைவர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அத்தானுக்கு மெதுவாக விழும் கியர் வேண்டும். எனக்கு இடித்தாலும் பரவாயில்லை, விழுவது தெரிய வேண்டும். ஒரு நாள் அத்தான் இல்லாத நேரத்தில் மெக்கானிக்கிடம் போய், அரைச்சுற்று இறுக்கி வையும்வே, அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு இறுக்கினான். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு அண்டா பாதியாகிப் போய் இறங்கியது. பெண் வீட்டார் பந்தியில் கடைசி வரிசைக்குச் சொதி இல்லை. இத்தனை வருஷத்தில் அத்தான் தலைகுனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அரைச்சுற்றைப் பற்றி அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் முடிவைச் சொன்னார். தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டிருக்கிறார், என்ஜினை மட்டும் கழற்றி நெல் அரைக்கிற மில்லில் வைத்துக்கொள்ள. வருகிற வெள்ளிக்கிழமை ஆழ்வார்குறிச்சியில் மறுவீடு இருக்கிறது. அதிலும் சிந்தினால் அன்றைக்கே வண்டி போய்விடும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். வண்டி போனால் எனக்கு அந்த ஜன்னலோர நாற்காலிதான். இந்த ஊரில் கிளட்ச் இல்லாத வண்டி இன்னொன்று எங்கே இருக்கிறது?

புதன்கிழமை வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். அறுவடை முடிந்து ஈரம் காய்ந்த ஒரு வயல்வெளிக்குப் பக்கத்தில் நீளமாக மண்பாதை இருந்தது. அங்கே அண்டாத் தண்ணீரோடு போவதும் வருவதுமாக இருந்தோம். புதன் மத்தியானம் அக்கா தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தாள். என் சட்டை நனைந்திருப்பதையும் மெக்கானிக் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். என்னதான்லே பண்ணுதீங்க, தள்ளு, நான் ஒரு தடவ மிதிச்சுப் பாக்கேன் என்றாள். சைக்கிள்கூட ஓட்டியறியாதவள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. சரி, இருக்கிற கேவலத்தில் இது ஒன்றுதான் பாக்கி என்று இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டேன். மெக்கானிக் பின்னால் அண்டாவோடு ஏறினான். வலது கால் பக்கம் இருப்பதை மிதி, ஸ்டியரிங்கை நேராகப் பிடி என்று மட்டும் சொன்னேன்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு பைய மிதித்தாள். வண்டி நகர்ந்தது. நான் இடிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என்ஜின் சத்தம் ஒரு தடவை இறங்கி மாறியது, இன்னொரு தடவை மாறியது. முதுகில் ஒன்றும் விழவில்லை. பாதை முடிகிற இடத்தில் கியர்க் கம்பியை 'டி'யிலிருந்து தள்ளிவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

பின்னாலிருந்து மெக்கானிக் சொன்னான், "தண்ணி அப்படியே கெடக்கு அண்ணாச்சி."

நம்ப முடியவில்லை. வண்டியை நானே திருப்பிக் கொடுத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும் அப்படியே. நட்டைத் தொட்டாயா என்று மெக்கானிக்கைச் சண்டைக்கு இழுத்தேன். அவன் சத்தியம் செய்தான். நான் ஓட்டினேன், அவன் நனைந்தான். அக்கா ஓட்டினாள், காய்ந்தபடி இறங்கினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ என்னதான் செய்தாய் என்று கேட்டேன்.

"நான் என்னத்தலே செஞ்சேன்? மிதின்னே, மிதிச்சேன். எடுன்னு நீ சொல்லவே இல்லையே."

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன்.

அதுவரை நான் என் இடது காலை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளட்ச் வண்டியில் ஒவ்வொரு கியருக்கும் வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்க வேண்டும், போட்டதும் மறுபடி மிதிக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அது செய்த வேலை. இந்த வண்டியிலும் கியர் மாறப்போகிற சத்தம் காதில் விழுந்த உடனே என் கால் தானாக மேலே வந்துவிடுகிறது. கால் வந்ததும் பெட்டி மேல்கியருக்குப் போகிறது. நான் மறுபடி மிதித்ததும் கீழ்கியருக்கு விழுந்து இடிக்கிறது. மெக்கானிக்கும் அதையேதான் செய்தான், பழைய டிரைவரும் அதையேதான். ஊரில் ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் அந்தக் கால்தான். ஓட்டத் தெரியாத அக்காவுக்கு மட்டும் எடுக்கத் தெரியவில்லை. இத்தனை நாள் அந்த இரண்டு நட்டுகளும் எங்களிடம் என்ன பாடுபட்டிருக்கும்!

மெக்கானிக் அன்றைக்கே நட்டுகளை மஞ்சள் பொட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். என் காலை நிறுத்துவது அவ்வளவு லேசாக இல்லை. வியாழக்கிழமை முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் எழும்பினால் கையில் கொண்டுவந்திருந்த அகப்பைக் காம்பால் முழங்காலில் ஒரு தட்டு. எடுக்காதலே, எடுக்காதலே என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்கு ஒரே எரிச்சல். காது சொல்வதைக் கேட்டால்தான் கால் எழும்புகிறது, கேட்காமல் இருக்கவும் தெரியவில்லை. தெரிந்ததையெல்லாம் விட்டுவிட்டால் அப்புறம் நான் என்ன டிரைவர் என்று அவளிடம் கத்தினேன். அவள் காம்பை ஓங்கினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று அண்டா ஏற்றினோம். தென்காசிக்காரர் வந்து எங்கள் வீட்டு முன்னறையில், என் நாற்காலியில், உட்கார்ந்திருந்தார். அத்தான் பின்னால் அண்டாக்களோடு ஏறிக்கொண்டார். அக்கா என் பக்கத்தில். ஆழ்வார்குறிச்சி போய்ச் சேரும்வரை அவள் கண் என் வலது காலைவிட்டு நகரவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அத்தான் கட்டை அவிழ்த்து இலையைத் தூக்கி, அண்டாவின் வெளிப்பக்கத்தை ஒரு சுற்றுக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். சுற்றி வந்து என் ஜன்னலில் அந்தக் கையை நீட்டினார். காய்ந்திருந்தது.

தென்காசிக்காரருக்கு நான் போய் என்ன சொல்ல என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அத்தான் பந்தி முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டார். காலி அண்டாக்களோடு நானும் அக்காவும் திரும்பினோம். ரோடு காலியாகக் கிடந்தது. வலது காலை வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன். என்ஜின் சத்தம் மாறிக்கொண்டே போனது, நான் எண்ணவில்லை. பாதி தூரம் வந்ததும் அக்கா வழக்கம்போலக் கேட்டாள்.

"ஏலே, இப்போ எத்தனாவது கியர்ல போவுது?"

சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.

"சரி, நீ ஓட்டு" என்றாள்.