சூடான தூள் முடிச்சு

அன்று தேயிலை உலர்த்தும் ட்ரையர் அருகே இருந்தது மூன்றே பேர்: ட்ரையரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், ஆபீஸ் கிளார்க் சார், தூள் சலிக்கும் நான். அண்ணன் கைக்குட்டையில் சூடான தேயிலைத் தூளை முடிந்து இடது தாடையில் ஒத்திக்கொண்டிருந்தார்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஃபேக்டரியில் பல்வலிக்கு அதுதான் வைத்தியம். ஒத்தினால் வீக்கம் வற்றும். வற்றினால் குணம் என்று விட்டுவிடுவோம். அண்ணனுக்கு ஈறில் சீழ் கட்டுவதும் வடிவதும் பல வருடமாக இருந்தது. குன்னூரில் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னால், "ஏனம்மிணி, உன்ர ஊட்டுக்காரன் வந்து ட்ரையரப் பாப்பானா?" என்பார்.

எட்டாவதோடு நின்றவள் நான். பயப்படப் படிப்பு எதற்கு? அன்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ட்ரையர் பக்கம் யாருக்குத்தான் வியர்க்காது என்று மனதைத் தேற்றினாலும் கண் சல்லடையில் நிற்கவில்லை.

"மொகம் வெளுத்திருக்குதுங்கண்ணா."

"மேகம் கறுத்தாலே மண்ணு சரியும்னு மூட்டை கட்டறவதானே நீ!" என்று கிளார்க் சார் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். சிரித்தபடியே இடது கையை உதறினார். பிறகு தூள் மூட்டைமேல் சரிந்தார்.

ஜீப் குன்னூர் ஆஸ்பத்திரியை அடைந்தபோது உயிர் இல்லை.

"பல்வலின்னுதானுங்க நெனச்சோம்" என்றார் கிளார்க் சார், தலை நிமிராமல்.

"மாரடைப்பு வலி தாடையிலயும் வருமுங்க" என்றார் டாக்டர். நான் ஈறின் சீழைச் சொன்னதும் சற்று யோசித்தார். "சீழ் ஆறாமலே கெடந்தா, கிருமியோட சண்டை போடற வெள்ளணுவெல்லாம் ஓயாம உசுப்பேறியே இருக்கும். அதுங்க ரத்தக்குழாய்ச் சுவத்துல பூந்து, அங்கிருக்கற கொழுப்ப முழுங்கி வீங்கி, அடைப்பப் பெருசாக்கலாம். அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதுங்க."

'சொல்ல முடியாது' என்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. காவலுக்கு இருப்பவையே வீட்டுக்குள் புகுந்து வழியை அடைக்குமா? பல் விளக்கும்போது துப்பியதில் சிவப்பு தெரிந்தால் இன்றும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன் கேலியாகக் கேட்டது பலித்துவிட்டது. இப்போது அந்த ட்ரையரைப் பார்ப்பது என் வீட்டுக்காரர்தான். இன்று காலை கன்னம் வீங்கி, கைக்குட்டையில் தூளை முடிந்துகொண்டு நின்றார். பிடுங்கிக்கொண்டேன்.

"ஈறுதான் புள்ள வீங்கியிருக்குது. நான் போயிட்டா ட்ரையர யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கறேன், கெளம்புப்பா" என்றார் பின்னாலிருந்து கிளார்க் சார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

குன்னூர் பஸ்ஸுக்காக நிற்கிறோம். முடிச்சு என் கைக்குள் இன்னும் சுடுகிறது. பனியில் பஸ் வரும் வழி தெரியவில்லை.