முடி சிக்காத பிரஷ்

பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, என் மகள் எனக்குத் தானாக ஓடி வீடு பெருக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளும் போய்விட்டால் நான் துடைப்பத்தைத் தொட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இயந்திரம் வட்டமாக, தோசைக்கல் அளவில் இருக்கும். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டோமே என்றுதான் முதலில் நினைத்தேன். திருச்சானூரில் தெருவெல்லாம் தெலுங்கு, வீட்டுக்குள் நான் தமிழ், இது மட்டும் இங்கிலீஷ். பாதி ஹாலைப் பெருக்கிவிட்டு நடுவில் நின்று, ‘மெயின் பிரஷ் எரர்’ என்று அறிவிக்கும்.

அதற்கான ஆப் மகளுடைய போனில் இருந்தது. அதனால் இது இங்கே நின்றால் அங்கே அவளுக்குச் செய்தி போகும். உடனே கூப்பிடுவாள்.

“நைனா, ஹால்லயே நின்னுக்கினு கீதாம் பாரு. அத்த கவுத்துப் போடு. கிளிப்ப அமுக்கி பிரஷ்ஷ வெளிய எடு.”

“எடுத்துட்டேன்மா.”

“இன்னா சுத்திக்கினு கீது?”

“முடி.”

“உனுக்குத்தான் தலையில ஒண்ணும் இல்லியே நைனா!” என்று சிரிப்பாள்.

உண்மைதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள்கூட என் தலைக்கும் அந்தப் பிரஷுக்கும் முடிச்சுப் போட முடியாது. முடியெல்லாம் விருந்தாளிகளுடையது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு என் வீடுதான் சத்திரம். குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். இங்கே கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டுப் பெருமாள் மலையேறி, மொட்டை போட்டுக்கொண்டு, அங்கிருந்தே ஊருக்குப் பஸ் பிடித்துவிடுவார்கள். பெருமாளுக்குக் கொடுத்தது போக மிச்சம் என் வீட்டுத் தரையில் கிடக்கும். அவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்க வந்தவர் இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, வருத்தம் உண்டு.

முடியை எடுத்து மாட்டினாலும் மறுபடியும் அதே எரர் வரும். பிரஷின் இரண்டு முனையிலும் சின்ன மூடி இருக்கிறது, அதைக் கழற்றினால் உள்ளே முடி உருண்டையாக இறுகியிருக்கும் என்று மகள்தான் எங்கோ படித்துச் சொன்னாள். நான் பிளேடால் அறுத்து எடுக்கும்வரை போனை வைக்க மாட்டாள். துன்னியா, மாத்திரை போட்டியா, பக்கத்து வூட்டு நாய் இன்னும் குலைக்குதா என்று பேச்சு நீளும். அது முடியும்போதெல்லாம் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மெதுவாகத்தான் அறுப்பேன்.

ஆனால் கை பழகிவிட்டது. அவள் சொல்லி முடிப்பதற்குள் பிரஷை மாட்டிவிட ஆரம்பித்தேன். “பரவால்லியே, மெக்கானிக் ஆயிட்ட!” என்று பாராட்டினாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு பரீட்சைக் காலம் வந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு என்று ஊரிலிருந்து யாரும் மலைக்கு வரவில்லை. இயந்திரம் ஹால், அறை, சமையலறை எல்லாம் ஒரே மூச்சில் பெருக்கிவிட்டுச் சமர்த்தாகத் தன் இடத்துக்குப் போனது. போனும் சமர்த்தாகக் கிடந்தது.

ஒரு காலை, சாமி படத்திலிருந்து எடுத்த பழைய பூச்சரத்தின் வாழைநாரை, இயந்திரம் போகும் வழியில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அது நாரைச் சுற்றிக்கொண்டு, திணறி நின்று, எரர் என்றது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காபி ஆறிப்போனது. போன் வரவில்லை. கடைசியில் நானே கூப்பிட்டேன்.

“மெஷினு நின்னா உனுக்கு மெசேஜ் வருமேம்மா, வரலியா?”

“அதுவா? ஆஃப் பண்ணிட்டேன் நைனா. மீட்டிங் நடுவுல வந்துக்கினே இருந்துச்சு. இப்பதான் நீயே எல்லாம் சரி பண்ணிடுறியே. ஏன், இப்ப நின்னுக்கினு கீதா?”

நாரை உருவி எடுத்தேன். “இல்லம்மா. ஓடுது.”

“அப்ப எதுக்கு போன் பண்ண?”

“சும்மாதான்.”

சும்மா கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அவள் பயந்துவிட்டாள். “நைனா, உடம்பு எதனா சரியில்லியா?”

“உடம்பு நல்லாத்தான் கீதும்மா,” என்றேன். “வூடுதான் ரொம்ப சுத்தமா கீது.”