வெறும் கிண்ணத்தின் வாசனை

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வெறுங்கிண்ணம் என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் அக்கா என்பார்கள். எந்தப் பொருள் சோதனைக்கு வந்தாலும், முதலில் உலைக்குள் ஒரு வெறும் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றிப் பார்ப்பாள். சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணம். திரையில் எடையைக் காட்டும் கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போனால்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும்.

"ஒண்ணுமில்லாததைச் சூடு பண்ண உனக்குச் சம்பளம் தர்றாங்க. நான் ஞாயித்துக்கிழமை ஒண்ணும் பண்ணாம படுத்திருந்தா மட்டும் கத்துற," என்பான் கணவன். கல்யாணமான புதிதில் விளக்கிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

அவளுடைய கருவி உலையோடு சேர்ந்த ஒரு தராசு. பொருள் சூடாகச் சூடாக எடை எவ்வளவு குறைகிறது என்று சொல்லும். வெளியேறியது என்ன என்று அதற்குத் தெரியாது. அதற்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கருவி. வரும் புகையில் ஒளியைப் பாய்ச்சி, இது தண்ணீர், இது எண்ணெய் என்று இனம் காணும். அதை இயக்கும் இளைஞனுக்கு மூக்கு என்று பெயர். இரண்டையும் இணைக்கச் சுவரில் துளை போட்டு ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோயிருந்தார்கள். புகை நடுவழியில் குளிர்ந்து படிந்துவிடக் கூடாது என்பதற்காக, குழாயைச் சுற்றிச் சூடேற்றும் நாடாவும் அதன்மேல் தடித்த பஞ்சுறையும் இருந்தன.

வேலை குவிந்தபோது மேலாளர் சொன்னார்: "இனிமே வெறுங்கிண்ணம் வாரத்துக்கு ஒரு தடவை போதும். காத்துக்கா கணக்குப் பார்க்கறோம்?" அவள் சரி என்றாள். வாக்குவாதம் அவளுக்கு வராது.

அந்த வாரம்தான் ரப்பர் வளையங்கள் வந்தன. பால் பண்ணையில் குழாய் மூட்டுகளுக்குப் போடுபவை. சின்னப் பட்டறை வைத்திருந்த ஒரு பெண்மணி செய்தவை. ரப்பரை மென்மையாக்கும் எண்ணெய் அதில் கலந்திருந்தால் பண்ணை வாங்காது; பட்டறைக்காரிக்கோ பண்ணையை விட்டால் வேறு ஆள் இல்லை. முடிவைக் கையோடு வாங்கிப் போகிறேன் என்று வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூக்கு கத்தினான்: "அக்கா, எண்ணெய் வருது! நல்லாவே வருது!"

அவள் தன் திரையைப் பார்த்தாள். "இங்க எடை குறையவே இல்லையே தம்பி."

"உங்க தராசு தூங்குது போல."

"எடை குறையாம எண்ணெய் எங்கேருந்து வரும்? ரப்பர் பக்கத்து வீட்டுல இரவல் வாங்கியா குடுக்குது?"

மேலாளர் வந்து இரண்டு திரைகளையும் பார்த்தார். "ரொம்பக் கொஞ்சமா இருக்கும். எண்ணெய் இருக்குன்னு எழுதிக் குடுத்துடுங்க. அந்தம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாங்க?"

"எழுதினா அவங்க பட்டறைக்குப் பூட்டு, சார். ஒரே ஒரு வெறும் கிண்ணம் போட்டுப் பார்த்துடறேன்."

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

இதில் வேண்டாம் என்ற சொல் இல்லாததால் அவள் கிண்ணத்தை உள்ளே வைத்தாள். உலை சூடேறியது. கோடு நேராகப் போனது. அந்தப் பக்கமிருந்து மூக்கு குரல் கொடுத்தான்.

"அக்கா... கிண்ணத்துல எதுவும் இல்லைதானே?"

"இல்ல."

"எண்ணெய் வருது."

வளையத்தில் இல்லை, கிண்ணத்தில் இல்லை என்றால் மிச்சமிருப்பது குழாய்தான். முந்தின நாள் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சோதித்திருந்தார்கள். அதன் எண்ணெய் இணைப்புக் குழாயில் படிந்துவிட்டு, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. சூடான குழாயில் எப்படிப் படிந்தது என்று பார்க்க மேலாளரே டார்ச்சோடு வந்தார்.

அவள் பக்கத்தில் பஞ்சுறை சப்பையாக அமுங்கியிருந்தது. அதன்மேல் சாப்பாட்டு டப்பா இருந்தது. மத்தியானத்துக்குள் இதமாகச் சூடேறிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே அங்கேதான் வைப்பாள். அந்தப் பக்கத்தில் இரண்டு சாக்ஸ் தொங்கின. இரண்டு நாளாக மழை. சீக்கிரம் காயட்டும் என்று மூக்கு முந்தின நாளே உறையையும் நாடாவையும் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தான். நடுவில், சுவர்த் துளைக்குள், குழாய் மொட்டையாகச் சில்லென்று கிடந்தது.

"இதெல்லாம் யாரோடது?" என்றார் மேலாளர்.

தேவையில்லாத கேள்வி. டப்பாவின் மூடியில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. சாக்ஸின் சொந்தக்காரன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.

நாடாவைச் சரியாகச் சுற்றி, குழாயைச் சூடேற்றி, வெறும் கிண்ணம் இரு பக்கமும் ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை விடாமல் ஓட்டினார்கள். பிறகு வளையத்தை வைத்தார்கள். எண்ணெய் இல்லை.

"மறுசோதனைக்குக் காரணம், கருவிக் கோளாறுன்னு போட்டுடுங்க," என்றார் மேலாளர், தரையைப் பார்த்து.

"அப்படிப் போட்டா, ரெண்டாவது முடிவை மட்டும் எப்படி நம்பறதுன்னு பண்ணைக்காரங்க கேப்பாங்க, சார்."

அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். இணைப்புக் குழாயின் மேல் சாப்பாட்டு டப்பா வைக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் சாக்ஸ் உலர்த்தப்பட்டது. மூக்கும் கையெழுத்துப் போட்டான்.

பட்டறைக்காரி அறிக்கையை விரல் வைத்துப் படித்தாள். "ஏம்மா, இந்த சாக்ஸு என் வளையத்துலயா இருந்துச்சு?"

"இல்லம்மா. எங்க குழாய் மேல."

"அப்போ என் வளையத்துல?"

"ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் வாசலுக்கு ஓடி, போனில் யாரிடமோ, "ஒண்ணுமில்லையாம்! சுத்தமா ஒண்ணுமே இல்லையாம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

வெறுங்கிண்ணம் ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கு ஈர சாக்ஸை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.